கடிக்க மாட்டேன்

புகைந்துபோன மோட்டாருக்குப் புதுச் செம்புக் காயில் கட்டும் அந்தக் கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'கொறடு' என்றால்தான் திரும்புவாள். வயதில் சின்னவர்கள் 'கொறடு அக்கா' என்பார்கள். கம்பியின் மேலுறையை உரிக்க மற்றவர்கள் குறட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது, அவள் கம்பியை முன்பற்களுக்கு நடுவில் கொடுத்து ஒரு இழுப்பு இழுப்பாள். தோல் வாயிலேயே நின்றுவிடும்; செம்பு பளபளவென்று வெளியே வரும். தோலைத் துப்பிவிட்டு அடுத்த கம்பியை எடுப்பாள். அப்படி வந்த பெயர் அது.

அது அவள் ஆசைப்பட்டுப் பழகிக்கொண்ட வித்தை இல்லை. அந்த வேலைக்கு இரண்டு கை போதாது. செம்புச் சுருளை மோட்டாரின் பள்ளங்களில் இறக்கிய பிறகு, அதன் தலைப்புகளை நூலால் கட்ட வேண்டும். இடதுகை சுருளை அமுக்கிப் பிடித்திருக்கும். வலதுகை நூலைச் சுற்றி முடிச்சுப் போடும். முடிச்சு விழுந்ததும் நூலை அறுப்பது யார்? கத்தரிக்கோலை எடுக்கக் கையை விட்டால் சுருள் விரிந்துகொள்ளும். அதனால் குனிந்து பல்லாலேயே நறுக்கிவிடுவாள். கல்யாணத்துக்கு முன்பே அந்தக் கடைக்கு வந்தவள். மகள் வளர்ந்து துணிக்கடையில் வேலைக்குச் சேரும் வரைக்கும் ஒரு நாளைக்கு எத்தனை முறை குனிந்தாளோ, கணக்கில்லை. மேல்வரிசை முன்பல் இரண்டிலும் நூல் ஓடி ஓடிச் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

வீட்டிலும் அதே கதைதான். பிஸ்கட் பாக்கெட் கிழியவில்லையா, இந்தா. புதுச் சட்டையின் விலை அட்டை கழலவில்லையா, இந்தா. பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவர் ஒருமுறை வேனின் ஒயரைக்கூட மடக்கிக்கொண்டு வந்து நீட்டியிருக்கிறார். அவளும் சும்மா கடித்துக் கொடுக்கவில்லை, பெருமையாகத்தான் கடித்தாள். "என் பல்லைப் பாத்தா இரும்பே ஒதுங்கிப் போகும்" என்பாள்.

மகள் முதல் சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் சிலர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கணவரின் தம்பி சோடா பாட்டில்கள் வாங்கி வந்திருந்தான். திறப்பான் எங்கே என்று மகள் இழுப்பறைகளைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி இருக்கும்போது ஓப்பனர் எதுக்கு?" என்று கொழுந்தன் ஒரு பாட்டிலை நீட்டினான். மற்றொரு கையில் போன், படம் எடுக்கிறான். "எல்லாரும் பாருங்க, எல்லாரும் பாருங்க."

அவளும் கூட்டத்தைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்திவிட்டுக் கடித்தாள். மூடி வந்தது. கூடவே பல்லும் வந்தது. வலப்பக்க முன்பல் குறுக்காகப் பாதி உடைந்து மடியில் விழுந்தது. பிறகு யாரோ ஒருவர் 'புக்' என்று சிரிக்க, கூடம் முழுவதும் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அந்தப் படம் சாயங்காலமே குடும்பத்தார் எல்லாருடைய போனிலும் சுற்றியது. அவள் போனுக்கும் வந்தது. எல்லாரும் போன பிறகு அடுப்படியில் நின்று அதை ஓடவிட்டுப் பார்த்தாள். பல் உடைவதைப் பார்க்கும்போதுகூட ஒன்றும் தோன்றவில்லை. உதட்டில் ரத்தத்தோடு தான் சிரிப்பதைப் பார்த்தபோதுதான் முகம் சூடாகிவிட்டது. அடிபட்டவள் இவள், கூடச் சேர்ந்து சிரித்தவளும் இவளேதான். இது என்ன பிழைப்பு என்று இருந்தது.

பல் வலிக்கவில்லை. அதனால் வீட்டில் யாருக்கும் அது ஒரு விஷயமாகப் படவில்லை. சில நாள் கழித்து, கணவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"நான் பல்லை சரி பண்ணிக்கப் போறேன்."

"வலிக்குதா?"

"இல்ல."

"சாப்பிட முடியலயா?"

"அதெல்லாம் முடியுது."

"அப்புறம் எதுக்கு?"

"பாக்க நல்லா இல்ல. அதான்."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வயசுக்கு மேல யாருக்குக் காட்டப் போற?"

"கண்ணாடிக்கு."

மகளுக்குப் புரையேறியது. கணவர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "ஊர்ல என்ன பேசுவாங்க" என்றார்.

"பேசட்டும். பேசறவங்க பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு."

பல் டாக்டர் மகளைவிடச் சில வயதுதான் மூத்தவளாக இருப்பாள். கண்ணாடியை வாய்க்குள் விட்டு, முதலில் உடைந்த பல்லைப் பார்த்தாள். பிறகு இரண்டு பற்களிலும் இருந்த பள்ளத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

அவள் சொன்னாள். நூல், கம்பி, பாக்கெட், சோடா மூடி எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

பல்லின் மேல் எதையோ தடவி, கழுவி, காயவைத்து, பல் நிறத்திலேயே ஒரு பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து உருவம் கொண்டுவந்தாள் டாக்டர். ஒவ்வொரு தடவை வைத்த பிறகும் பேனா மாதிரி ஒரு கருவியிலிருந்து நீல வெளிச்சம் அடித்தாள். பசை அதில் இறுகியது. கடைசியில் தேய்த்து மெருகேற்றினாள். 'பாண்டிங்' என்று அதற்குப் பெயராம். ஊசிகூடப் போடவில்லை. வார்னிஷ் பூசிய சுருளை அடுப்பில் வைத்து இறுக்குகிறோமே, அதே மாதிரிதான் போலிருக்கிறது என்று அவள் நாற்காலியில் படுத்தபடி நினைத்துக்கொண்டாள்.

கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் வாயை மூடிக்கொண்டு முதலில் தன் கண்ணைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திறந்தாள். எந்தப் பல் உடைந்தது என்று தேட வேண்டியிருந்தது.

"ரெண்டு நாளைக்கு டீ, காபி வேணாம். கறை பிடிக்கிற எதுவும் வேணாம்" என்றாள் டாக்டர். "அதுக்கப்புறமும் குடிச்சீங்கன்னா வாயைக் கொப்பளிச்சிடுங்க. ஆப்பிள் மாதிரி கெட்டியானதை நறுக்கிச் சாப்பிடுங்க, முன்பல்லால கடிக்காதீங்க. மெத்துன்னு இருக்கிற பிரஷ் போதும். சொரசொரப்பான பொடி, வெள்ளையாக்குற பேஸ்ட் எதுவும் போடாதீங்க, கீறல் விழும். கறை படிஞ்சா உங்க பல்லு மாதிரி இது வெளுக்காது. முக்கியமா நூல், கம்பி, மூடி... எல்லாத்தையும் விட்டுடணும்."

"அப்ப பல்லால நான் என்னதான் பண்றது டாக்டர்?"

"மெல்லுங்க. சிரிங்க. பல்லுக்கு வேற வேலை கிடையாது."

பேருந்தில் வீடு வந்து சேரும்வரை அந்தக் கடைசி வாக்கியத்தையே அசைபோட்டுக்கொண்டு வந்தாள். பல்லுக்கு வேறு வேலை கிடையாது. இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் கடையில் வழக்கம்போல டீ வந்தது. வார்னிஷ் பூசும் அண்ணன் டம்ளரை அவள் மேசையில் வைத்தார். அவள் தள்ளி வைத்தாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லயா?"

"பல்லு கட்டியிருக்கேன். ரெண்டு நாளைக்கு டீ கிடையாது."

அவர் எட்டிப் பார்த்தார். "அட! எங்க, காட்டு." அவள் காட்டினாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா டீ குடிக்காம காயில் கட்டுவியா நீ?"

கட்டினாள். தலைவலியோடு கட்டினாள். அதைவிடப் பெரிய தலைவலி கத்தரிக்கோல். முடிச்சுப் போட்டு, சுருளை முழங்கையால் அமுக்கி, கத்தரிக்கோலை எட்டி எடுத்து நறுக்கிவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த சுருள் சோம்பேறி மாதிரி சாய்ந்துகொள்ளும். ஒரு மோட்டார் முடிகிற நேரத்தில் முக்கால் மோட்டார்தான் முடிந்தது. முதலாளி கண்ணாடி அறைக்குள்ளிருந்து இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் முறை வெளியே வந்தார்.

"ஏம்மா, அழகெல்லாம் சரி. வேலை நகரணுமே."

"நகரும் சார். பழகணும்."

பழகுவதற்குள் அந்த மத்தியானம் வந்தது. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் புகைந்துபோய்க் கடைக்கு வந்திருந்தது. அதைக் கொண்டுவந்த காவலாளி கடைவாசலிலேயே நின்றார். மாடி மாடியாகக் குழாயில் காற்று வருகிறது என்று அவருக்கு நிமிஷத்துக்கொரு போன். கடைக்கு இருந்ததே ஒரு நல்ல கத்தரிக்கோல், ஒரு குறடு. இரண்டையும் எடுத்துக்கொண்டு வார்னிஷ் அண்ணன் வெளி வேலைக்குப் போய்விட்டார். அவள் கடைசிக் கட்டுக்கு வந்து நின்றாள். கை இரண்டும் சுருளில். நூல் அறுபட வேண்டும்.

முதலாளி பக்கத்தில் வந்து குனிந்தார். குரலைத் தணித்து, "இந்த ஒரு தடவை கடிச்சிடும்மா" என்றார்.

"மாட்டேன் சார்."

"ஒரு நூல்தானே!"

"ஒரு நூலு ஒரு நூலா கடிச்சுத்தான் சார் பள்ளம் விழுந்துச்சு."

"அந்த ஆள் வாசல்ல நிக்கிறார், பாரு. ஒரு கட்டடமே தண்ணி இல்லாம கெடக்கு. உனக்கு உன் பல்லு பெருசா?"

அவள் சுருளின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து அமுக்கிவிட்டு எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, காவலாளியைத் தாண்டி, தெருவைக் கடந்து எதிரேயிருந்த இரும்புச் சாமான் கடைக்குள் போனாள். கை அடக்கமான ஒரு வெட்டுக் குறட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். முதலாளி நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். அவள் உட்கார்ந்து நூலை வெட்டினாள், கம்பியை உரித்தாள், இணைப்புக் கொடுத்து மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தாள். சீராக ஓடியது. காவலாளி அதைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"எனக்கு என் பல்லு பெருசுதான் சார்" என்றாள் அப்போது. இவ்வளவு நேரம் கழித்து வந்த பதிலைக் கேட்டுவிட்டு அவர் அடுத்த மோட்டாரை அவள் பக்கம் தள்ளினார்.

அன்றிரவு படுத்தபடி யோசித்ததில் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. மறுநாள் சீக்கிரமாகவே கடைக்கு வந்து, தேய்ந்துபோன ரம்பத்தகடு ஒன்றைத் துண்டாக்கி, சாணைக்கல்லில் பிடித்து விளிம்பைக் கூராக்கினாள். மேசையின் ஓரத்தில் இரண்டு துளை போட்டு, அந்தத் துண்டைத் திருகாணியால் முடுக்கினாள். இப்போது முடிச்சு விழுந்ததும், நூல் சுற்றிய அதே கையைக் கீழே ஒரு இழுப்பு இழுத்தால் போதும், தகட்டில் பட்டு நூல் அறுந்தது. சுருள் அசையவில்லை. குனியக்கூட வேண்டியிருக்கவில்லை.

முதலாளி உள்ளே வந்ததும் துளையைத்தான் முதலில் பார்த்தார். "யாரைக் கேட்டு என் மேசையில ஓட்டை போட்ட?"

"யாரையும் கேக்கல சார்."

"அது தேக்கு, தெரியுமா?"

"தெரியும். என் பல்லுல ஓட்டை விழுந்தப்ப நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானும் மேசைக்கு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்."

கடை முழுவதும் வேலை செய்வதுபோல் தலையைக் கவிழ்த்துக்கொண்டது. முதலாளி அறைக்குள் போய் மின்விசிறியைக் கூட்டி வைத்துக்கொண்டார். அந்த வாரக் கடைசியில் மோட்டார்கள் பழைய வேகத்தில் முடிந்தன.

வீட்டில் கணவர் அதற்குள் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார். ஒரு நாள் பையிலிருந்து ஒரு பேஸ்ட்டை எடுத்து நீட்டினார். அட்டையில் ஒரு ஆள் முத்து முத்தாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"வெள்ளையாக்குமாம். உனக்குத்தான்."

அவர் அப்படி ஏதாவது வாங்கி வந்தே ரொம்ப நாளாகியிருந்தது. அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் வேண்டாமென்று தலையாட்டினாள். "இதுல பொடி இருக்கும்ங்க. கட்டின பல்லைக் கீறிடும்."

"ஆசையா வாங்கிட்டு வந்தா..."

"ஆசை எனக்கு. பேஸ்ட்டு உங்க வேனுக்கு. முன்னாடி இருக்கிற விளக்கைத் தேய்ச்சுப் பாருங்க."

அவர் முறைத்தார். ஆனால் தேய்த்துப் பார்த்தார். மங்கியிருந்த விளக்குக் கண்ணாடி கொஞ்சம் தெளிந்ததாகவும், மற்ற ஓட்டுநர்கள் என்ன போட்டீர்கள் என்று கேட்டதாகவும் மகளிடம் சொன்னாராம்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு நாள் அவளே கெடுத்துக்கொண்டாள். வேறொரு பட்டறைக்கு வேலையாகப் போயிருந்தாள். அந்த மேசையில் தகடு இல்லை. பேச்சு சுவாரஸ்யத்தில் முடிச்சுப் போட்டாள், குனிந்தாள். 'டக்.' நாக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தால் சொரசொரவென்று ஒரு விளிம்பு.

யாரும் கேட்கவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை. தலையே தானாகக் குனிந்திருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் பல்லைக் காட்டினாள்.

"போகட்டும், விடு" என்றார் கணவர், நல்ல மனதோடுதான். "நமக்கு அதெல்லாம் தங்காது. இருக்கிறதோட இருந்துக்கலாம்."

"ஏன் தங்காது? நமக்குன்னா என்ன, நம்ம வாய் மட்டும் வேற மண்ணா?"

"திரும்பவும் உடையும்டி."

"உடைஞ்சா ஒட்டிக்குவேன். திரும்ப உடைஞ்சா திரும்ப ஒட்டிக்குவேன். என் சம்பளம், என் வாய். நீங்க துணைக்கு வர்றதுன்னா வாங்க, இல்லன்னா வழி விடுங்க."

அவர் துணைக்கு வந்தார். காத்திருக்கும் இடத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு, சுவரிலிருந்த பெரிய பல் படத்தைச் சந்தேகமாகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் திட்டவில்லை. "ஓரம் மட்டும்தான் போயிருக்கு, வச்சிடலாம்" என்றாள். வைத்து முடித்த பிறகு கடைவாய்ப் பற்களைப் பார்த்துவிட்டு, "தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க. தேய்ஞ்சிருக்கு பாருங்க. இனிமே பல்லைக் கடிக்கக் கூடாது" என்றாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பல்லைக் கடிச்சிக்கிட்டுத்தான் டாக்டர் இத்தனை வருஷம் குடும்பமே நடத்துனேன்."

வெளியே கணவர் செருமுவது கேட்டது.

படுக்கும்போது மேல்வரிசையில் மாட்டிக்கொள்ள ஒரு மெல்லிய உறை செய்து கொடுத்தார்கள். "என்ன, குத்துச்சண்டைக்குக் கிளம்பிட்டியா?" என்றார் கணவர், முதல்முறை பார்த்தபோது. "வாயைக் கொடுத்தா குத்தும் விழும்" என்று அவள் சொன்னது உறைக்குள்ளிருந்து குழறலாக வந்தது. இருந்தாலும் அவருக்குப் புரிந்தது.

கொழுந்தன் புது வீடு மாறியபோது எல்லாரும் அங்கே கூடினார்கள். அவனிடம் இந்தக் கதை எதுவும் போய்ச் சேரவில்லையோ, சேர்ந்தும் அவன் நம்பவில்லையோ, பிளாஸ்டிக் கட்டு போட்ட ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

"அண்ணி, உங்க ஆயுதத்தை எடுங்க." போனும் வெளியே வந்தது.

"கத்தி எங்க இருக்கு?"

"கத்தியா? நீங்க இருக்கும்போது..."

"நான் கடிக்க மாட்டேன்."

"சும்மா ஒரு தடவை அண்ணி. எல்லாரும் பாக்கறாங்கள்ல."

"அப்ப நீ கடி. உனக்கும் முப்பத்திரண்டு இருக்குல்ல? நான் படம் எடுக்கிறேன்." அவள் கையை நீட்டி அவன் போனை வாங்கிக்கொண்டாள். அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "ம். கடி."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை; போனையும் இறக்கவில்லை. அவன் சுற்றிப் பார்த்தான். யாரும் உதவிக்கு வரவில்லை. "ஒரு பல்லுக்கு இவ்வளவு பவுசா" என்று முணுமுணுத்தான்.

"ஆமா. என் பல்லு, என் பவுசு. அன்னிக்கு எடுத்த படத்தை இன்னும் வச்சிருக்கியா?"

"அது... எங்கயாவது இருக்கும்."

"இப்பவே அழி. எல்லார் முன்னாடியும் அழி."

தன் அண்ணன் ஏதாவது சொல்வாரென்று கொழுந்தன் அவரைப் பார்த்தான். அவர் எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரு கத்தியோடு வந்து, தானே குனிந்து பெட்டியின் கட்டை அறுத்தார். "அழிடா, அண்ணி சொல்றாள்ல" என்றார், பெட்டியைப் பார்த்துக்கொண்டே.

அவன் போனை வாங்கி, தேடி, அழித்தான். அவள் பக்கத்தில் நின்று அது போய்விட்டதா என்று பார்த்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தப் பல்லில் வைத்த பசையை ஒருமுறை முழுசாக எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தாகிவிட்டது. அவள் டீயை விடவில்லை. குடித்ததும் கடைக் குழாயடியில் போய் வாயைக் கொப்பளிக்கிறாள். கடையில் மற்ற மேசைகளிலும் ஒவ்வொன்றாக ரம்பத்தகடு ஏறிவிட்டது. யார் முடுக்கினார்கள் என்று முதலாளி கேட்பதில்லை.

மெருகு போட இடையிடையே டாக்டரிடம் போய் வருகிறாள். போன தடவை போயிருந்தபோது, காத்திருக்கும் இடத்தில் முதலாளியின் போன் வந்தது. ஐந்தாறு மோட்டார் ஒரேயடியாக வந்து விழுந்திருக்கிறது. உடனே வர வேண்டும். பல் எங்கே ஓடிவிடப் போகிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்றார்.

"மோட்டார் எங்க சார் ஓடப் போகுது? அதான் புகைஞ்சு போயிருக்கே" என்றாள். "முடிச்சிட்டு வர்றேன்."

போனை அணைத்துப் பையில் போட்டாள். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். போய் நாற்காலியில் சாய்ந்து, விளக்கை முகத்துக்கு நேரே திருப்பும்வரை காத்திருக்காமல், வாயை அகலமாகத் திறந்தாள்.